ரிக்கர்-ஆ, ரீஅக்கர்-ஆ? ரெஜிஸ்டர்ல எதை எழுதறது?

மில்_ஃபிட்டர்:
வணக்கம் மக்களே. கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருக்கேன். 7ஆம் நம்பர் ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கிற மெஷின்) மோட்டார் ஓவர்லோட்ல டிரிப் ஆச்சு, ரீசெட் பண்ணி ஓட்டுனோம், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அதே கதை. பிரேக்டவுன் ரெஜிஸ்டர்ல "ப்ராப்ளம் ரீஅக்கர்டு"ன்னு (reoccurred) எழுதினேன், ஆடிட்டுக்கு வந்தவர் சிவப்பு மையில சுழிச்சு "ரிக்கர்டு"ன்னு (recurred) திருத்திட்டு போயிட்டார். ரீஅக்கர்னு ஒரு வார்த்தையே இல்லையா? போர்டுல தமிழ்லயும் எழுதணும், டிக்‌ஷனரில "மீள நிகழ்"னு இருக்கு, அதை எழுதினா ஷிப்ட் பசங்க சிரிப்பானுங்க.

கிராமர்_கிறுக்கன்:
இருக்குங்க, டிக்‌ஷனரிலயே இருக்கு, உங்க ஆடிட்டர் கொஞ்சம் ஓவரா போயிட்டார். ஒரு தடவை நடந்தது இன்னொரு தடவையும் நடந்தா ரீஅக்கர், அவ்ளோதான். ரிக்கர்னா திரும்பத் திரும்ப வர்றது, பெரும்பாலும் ஒரு முறை வச்சு வர்றது. போஸ்ட் ஆபீஸ்ல ஆர்.டி. கட்டுறோமே, 5 வருஷம், மாசாமாசம் 60 தவணை, அந்த ஆர் ரிக்கரிங்தான், அதைப் போய் யாரும் ரீஅக்கரிங் டெபாசிட்னு சொல்ல மாட்டாங்க. பள்ளிக்கூடத்துல படிச்ச சுழல் தசமமும் இதுதான், 1ஐ 7ஆல வகுத்தா 142857 142857னு முடிவே இல்லாம சுத்திக்கிட்டே இருக்கும். ஆனா இந்த வித்தியாசத்தை எல்லாரும் பாக்குறதில்ல, ஒரே தடவை திரும்ப வந்ததுக்கும் ரிக்கர் போடறவங்க நிறைய. லத்தீன்ல ரிக்கருக்கு 'திரும்ப ஓடி வர்றது'ன்னு அர்த்தம், உங்க மோட்டாருக்குள்ள ஓடுற கரண்ட்டுக்கும் அதே வேர்தான். ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக்கங்க, ரிக்கர்டு, ரிக்கரிங் ரெண்டுலயும் ஆர் டபுள்.

வார்டு_சிஸ்டர்:
எங்க வேலையில இது பெரிய விஷயம்ங்க. மலேரியா வந்தவர் மாத்திரை போட்டு நல்லாகி வீட்டுக்குப் போவார், சில மாசத்துல திரும்ப குளிர் காய்ச்சலோட வந்து நிப்பார். புதுசா கொசு கடிச்சதா, இல்ல வைவாக்ஸ் கிருமி ஈரல்ல ஒளிஞ்சு கிடந்து எந்திரிச்சதாங்கிறது வேற வேற, ஒளிஞ்சதைக் கொல்லத்தான் பிரிமாக்குயின் 14 நாள் கொடுக்கிறதே. பேஷண்ட் ரெண்டுக்குமே "காய்ச்சல் திருப்பி அடிச்சிடுச்சு சிஸ்டர்"னுதான் சொல்வாங்க. நாங்கதான் "விட்டு விட்டு வருதா, விட்டுட்டு வந்துச்சா"ன்னு கேக்கணும். அந்த ரெண்டு கேள்வியிலயே உங்க ரெண்டு வார்த்தையும் இருக்கு பாருங்க.

பழமொழி_பாண்டி:
ஆகா சிஸ்டர், இதுக்கு மேல ஒரு தமிழ் வாத்தியார் என்ன சொல்லப் போறார். தமிழ்ல இதுக்குன்னு தனி வினைச்சொல் தேடாதீங்க, நாம வினையை இரட்டிச்சே வேலையை முடிச்சிடுவோம், வந்து வந்து போகுது, விட்டு விட்டு எரியுது, கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. "மீண்டும்"கிற சொல்லே மீள்ங்கிற வினையிலேர்ந்து வந்ததுதான், அடகு நகையை மீட்கிறதும் அதோட உறவு. போர்டுல "மீள நிகழ்ந்தது" எல்லாம் வேணாம், "வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடுச்சு"ன்னு எழுதுங்க, எல்லாப் பயலுக்கும் புரியும் 😄

யாழ்_பொடியன்:
எங்கட பக்கம் மீள் சர்வசாதாரணம் அண்ணை, மீள்குடியேற்றம், மீளாய்வு, மீள்சுழற்சி. நீங்கள்தான் எல்லாத்துக்கும் "மறு" போடுறனீங்கள். சிரிக்கிற ஆக்களை இஞ்ச அனுப்புங்கோ.

மில்_ஃபிட்டர்:
எல்லாருக்கும் நன்றிங்க. சிஸ்டர் கேட்ட கேள்விய வச்சு ராத்திரி ஷிப்ட்ல பழைய ரெஜிஸ்டரை எடுத்துப் பொரட்டினேன். ரெண்டு தடவை இல்ல, ஜனவரிலேர்ந்து 5 தடவை அதே ஃப்ரேம் டிரிப் ஆயிருக்கு, ஒவ்வொருத்தனும் "ரீசெட் செய்து ஓட்டப்பட்டது"ன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிருக்கான், நானும்தான். அஞ்சுல நாலு, கரண்ட் போய் ஜெனரேட்டர்லேர்ந்து லைனுக்கு மாத்துன கால் மணி நேரத்துக்குள்ள. ஆடிட்டர் திருத்தினதை அப்படியே விட்டுட்டேன். போர்டுல "7ஆம் நம்பர் விட்டு விட்டு டிரிப் ஆகுது, லைன் மாத்துனா பக்கத்துல நின்னு பாக்கவும்"னு எழுதியிருக்கேன். எலக்ட்ரீஷியன் நாளைக்கு வர்றார்.