அனோட்டில் போமேற்று 118% காட்டுகிறது: எங்கே பிழை?

தேத்தாத்தீவுப் பிள்ளை:
மட்டக்களப்பில் இறுதியாண்டு இரசாயனவியல் ஆய்வு செய்கிறேன். கதோட்டில் பிஸ்மத்து, காபனீரொட்சைட்டைப் போமேற்றாக (போமிக்கமிலத்தின் அயன்) தாழ்த்துகிறது. அனோட்டில் வெறும் ஒட்சிசனை விடுவிப்பதற்குப் பதிலாக நிக்கல் நுரையில் கிளிசரோலை ஒட்சியேற்றுகிறேன். அதுவும் போமேற்றுதான் தருகிறது. நடுவில் அனயன் (மறை அயன்) மட்டும் கடக்கும் பரிமாற்ற மென்சவ்வு. அனோட்டுக் கரைசல் 50 மில்லிலீற்றர்: 1 மோலர் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு, 0.1 மோலர் கிளிசரோல். காத்தான்குடிக் கடைகளில் வாங்கிய பழைய பொரித்த எண்ணெயில் பயோடீசல் செய்தபோது மிஞ்சிய கிளிசரோல் இது. பரடே வினைத்திறன், அதாவது செலுத்திய மின்னில் போமேற்றாக்கப் பயன்பட்ட பங்கு, கதோட்டில் 60%தான், அனோட்டில் 118%! வோல்ற்றளவும் முதலில் நன்றாக இறங்கி, பிறகு மெல்ல மெல்ல ஏறுகிறது.

வாவிக்கரை:
பயோடீசல் கிளிசரோலில் மெதனோல் கலந்திருக்கும். நிக்கலில் அதுவும் போமேற்றாகும். வேறென்ன?

கல்லடி அண்ணன்:
இல்லைத் தம்பி. மெதனோல் ஒரு போமேற்றாக 4 இலத்திரன் போகும். கிளிசரோலில் மூன்று போமேற்றுக்கு 8, அதாவது ஒன்றுக்கு 2.67. மெதனோல் இருந்தால் கணக்குக் குறையுமே தவிரக் கூடாது.

தங்கச்சி, கதோட்டில் உண்டாகும் போமேற்றும் அனயன்தானே. அந்த மென்சவ்வு அதை அனோட்டுக்குப் போக விட்டுவிடும். அங்கே 2 இலத்திரனில் உண்டானதை நீங்கள் இங்கே 2.67 என்று எண்ணுகிறீர்கள். கதோட்டில் 20 குறைந்தால் அனோட்டில் 27 கூடும். 118இல் அதைக் கழித்தால் 91, நம்பக்கூடிய எண். கதோட்டுக்குக் காபனீரொட்சைட்டுக்குப் பதில் வினைபுரியாத ஆகன் வாயு விட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது வருவது அனோட்டின் போமேற்று மட்டும்.

வசதியிருந்தால் வெள்ளிக் கதோட்டுக்கு மாறுங்கள். அதில் போமேற்றுக்குப் பதில் காபனோரொட்சைட்டு உண்டாகி வாயுவாகப் போய்விடும், யாருடைய போமேற்று என்ற வழக்கே இல்லை. கிளிசரோலை விட்டுவிடாதீர்கள். அதைச் சேர்த்தால் மின்தேவை 53% வரை குறையலாம் என்று 2019இல் இல்லினோய்ப் பல்கலைக்கழகக் குழு காட்டியது.

வாழைச்சேனை அக்கா:
வோல்ற்றளவு ஏறுவது காரம் தீர்வதால். ஒரு கிளிசரோல் மூன்று போமேற்றாக 11 ஐதரொட்சைல் அயன் வேண்டும். உங்களிடம் கிளிசரோல் 5 மில்லிமோல், அதற்கு 55 தேவை. இருப்பதோ 50! மென்சவ்வு வழியே ஈடாக வரும் என்று நம்பாதீர்கள். கதோட்டில் பைகாபனேற்றுக் கரைசல் என்றால் வருவதும் பெரும்பாலும் அதுதான், மிச்சக் காரத்தையும் தின்றுவிடும். அப்புறம் அந்தக் கிளிசரோலில் சவர்க்காரமும் இருக்கும். நுரைத்தால் நிக்கலை மூடிவிடும். முதலில் சுத்தமான கிளிசரோலில் ஓட்டுங்கள்.

தேத்தாத்தீவுப் பிள்ளை:
கடையில் வாங்கிய சுத்தமான கிளிசரோலும் 2 மோலர் காரமும் எடுத்து, ஆகன் விட்டு ஓட்டினேன். அனோட்டில் 93%, வோல்ற்றளவும் மாலைவரை அசையவில்லை. கதோட்டில் போமேற்றே இல்லை. நன்றி அண்ணா, அக்கா. வெள்ளி கொழும்பிலிருந்து வரவேண்டும், அதுவரை இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கணக்குப் பார்க்கிறேன்.