பாம்பனில் வீடு, கோவையில் காலேஜ்: தம்பிக்கு எந்த கேமிங் லேப்டாப்?

பாம்பன் அக்கா:
தம்பிக்குக் கோவையில் மெக்கானிக்கல் சீட் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல்தான். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருள்கள் ஓட வேண்டும் என்று காரணம் சொல்கிறான். கேம் ஆடத்தான் கேட்கிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சரி, மார்க்கும் எடுத்திருக்கிறான், போகட்டும். 80,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாய் முடியாது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இப்போதுதான் அப்பா கையில் காசு புரள ஆரம்பித்திருக்கிறது.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். இரண்டிலும் கேமுக்கான கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4050, 6 ஜிபி. ஒன்று மெலிசு, பார்க்க அழகு, 8 ஜிபி ரேம். இன்னொன்று தடி, 16 ஜிபி ரேம், 4,000 ரூபாய் கூடுதல். "கார்டு ஒன்றுதானே, ரேமை அப்புறம் போட்டுக்கலாம்" என்கிறார் கடைக்காரர். தம்பியின் கண்ணும் மெலிசின் மேல்தான்.

இன்னொரு பயமும் இருக்கிறது. வீடு தென்கடல் பக்கம். சித்தி வீட்டு லேப்டாப் கொஞ்ச நாளிலேயே போய்விட்டது. திறந்து பார்த்தால் யுஎஸ்பி வாய்க்குள் பச்சை பூத்திருந்தது, விசிறி பக்கத்துத் தகடெல்லாம் வெள்ளைப் பொடி. வாரன்டியில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள். இதற்கும் அதே கதி என்றால்?

மண்டபம் மெக்கானிக்:
கடைக்காரர் பாதிதான் சொன்னார், தங்கச்சி. 4050 என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும், லேப்டாப் செய்கிறவர் அதற்கு எத்தனை வாட் விடுகிறார் என்பதில்தான் விஷயம். கார்டைச் செய்யும் என்விடியா 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இடம் கொடுத்திருக்கிறது. மெலிசான பெட்டியில் சூடு வெளியேற வழி இல்லாததால் பெரும்பாலும் குறைத்துத்தான் வைப்பார்கள். பெரிய இஞ்சின் பூட்டிய போட்டுக்கு டீசலை அளந்து ஊற்றுகிற கதைதான். ஸ்பெக் தாளில் டிஜிபி என்று ஒரு வரி இருக்கும், கார்டுக்கு விடும் வாட் அதுதான், அதைக் கேளுங்கள். தாள் இல்லை என்றால் அடாப்டரைத் திருப்பி வாட்டைப் பாருங்கள். 120 என்றால் ஒரு கதை, 200க்கு மேல் என்றால் வேறு கதை.

ரேம் விஷயம். "அப்புறம் போட்டுக்கலாம்" என்பது பழைய கணக்கு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. அதோடு சில மெலிசு மாடல்களில் ரேமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், கூட்டவே முடியாது. 4,000 வித்தியாசத்துக்கு 16 ஜிபி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். அது 8+8 ஆக இருக்கிறதா, ஒரே 16 ஆ என்றும் பாருங்கள். இரண்டு துண்டாக இருந்தால் கேமில் வேகம் கூடும்.

உச்சிப்புளி பழைய மாணவன்:
நான் எல்லோருக்கும் எதிராகச் சொல்கிறேன். கேமிங் லேப்டாப் 2 கிலோவுக்கு மேல், அடாப்டர் தனியாக அரை கிலோ. தினமும் வகுப்புக்குத் தூக்கிப் போகிற பையன் ஒரு மாதத்தில் அதை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டுப் போவான். சார்ஜர் இல்லாமல் கேம் ஆடினால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தாங்கும், வேகமும் பாதியாகும். முதல் வருட வரைபடங்களுக்கு இவ்வளவு கார்டு தேவையே இல்லை. சாலிட்வொர்க்ஸ் பெரும்பாலான நேரம் பிராசசரின் ஒரு கோரைத்தான் பிழிகிறது.

பாம்பன் அக்கா:
அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம்தான். அவனிடம் போய் நீங்களே சொல்ல முடியுமா? ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு.

கீழக்கரை காக்கா:
தங்கச்சி, துபாயில் சொந்தக்காரர் யாராவது வரும்போது வாங்கி வரச் சொல்லலாம். 18 வயது முடிந்தவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கம் கட்டாமல் கொண்டுவரலாம். ஆனால் அந்த மாடலுக்கு இந்தியாவில் வாரன்டி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் கிடையாது. கீபோர்டில் அரபி எழுத்தும் இருக்கும், பிளக் சதுர முனை. பத்தாயிரம் மிச்சமானாலும் கோவையில் ஒரு பையன் வாரன்டி இல்லாத லேப்டாப்போடு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண்டபம் மெக்கானிக்:
காக்கா சொன்னது சரி. இப்போது உப்பு விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் நம்ம ஊர்ப் பிரச்சினை.

காற்றில் வரும் உப்பு உள்ளே போய்ப் படிகிறது. காய்ந்து கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். அதில் கரண்ட் ஓடினால் செம்பு பச்சையாகும், அலுமினியத் தகடு வெள்ளையாகப் பொடியும். சித்தி வீட்டில் பார்த்தது அதுதான். கேமிங் லேப்டாப் விசிறி காற்றை நிறைய இழுக்கும், அதனால் அதற்கு ஆபத்தும் கூட.

உங்களுக்கு ஒரு நிம்மதி: தம்பி கோவையில்தான் இருக்கப் போகிறான். ஊருக்கு வரும் லீவு நாட்களில் மட்டும் கவனம் போதும். தென்கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேம் ஆடக் கூடாது, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முக்கியமாக. ஆடி முடித்ததும் சூடு ஆறவிட்டு, மூடிப் பையில் வைக்கட்டும். மாதக்கணக்கில் சும்மா போட்டு வைப்பதுதான் மோசம். தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் உள்ளே ஈரம் தங்காது. செமஸ்டருக்கு ஒரு முறை தூசியை ஊதி எடுக்க வேண்டும். ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் போகும்.

தேவிபட்டினம் வயர்மேன்:
ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வார்கள், வேண்டாம். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், லோ வோல்டேஜ் பிரச்சினையே இல்லை. கரண்ட் போய்த் திரும்ப வரும் நொடிதான் அடிக்கும், அதற்குச் சர்ஜ் புரொடெக்டர் உள்ள பெட்டி போதும்.

பெரிய அடாப்டர் சிலவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக் வரும், ஹாஸ்டல் சுவரில் நுழையாது. பயப்பட வேண்டாம். 230 வாட் அடாப்டர் இழுப்பது ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல்தான், அடாப்டர் பக்கம் அதே முனையுள்ள தரமான 6 ஆம்பியர் கேபிள் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். எர்த் இல்லை என்றால் லேப்டாப்பைத் தொட்டால் கையில் சுருசுருவென்று இருக்கும்.

பாம்பன் அக்கா:
இன்று மறுபடி கடைக்குப் போனேன். மெலிசின் அடாப்டர் 120 வாட், தடிக்கு 230. தாளில் முதலாவதற்கு 45 வாட், இரண்டாவதற்கு 105 என்று இருக்கிறது. ரேம் 8+8. தம்பியே வாயை மூடிக்கொண்டான். தடியைத்தான் எடுக்கிறோம். வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

மண்டபம் மெக்கானிக்:
திரை 100 சதவீத எஸ்ஆர்ஜிபியா (நிறம் எவ்வளவு முழுசாகத் தெரியும் என்பதற்கான அளவு) என்று பாருங்கள், இல்லாவிட்டாலும் குடி முழுகாது. முக்கியம் பில். தம்பி பெயரும் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரன்டி என்றால் பாம்பன் பின்கோடு, ஹாஸ்டல் பின்கோடு இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.