பழைய பெஞ்ச் வைஸ்: எந்த கம்பெனி, துருவை எப்படி எடுப்பது?

சிங்காநல்லூர்வாசி:
பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்த வைஸ் (வேலை செய்யும் பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். தாடை அகலம் 4 அங்குலம். பக்கவாட்டில் எழுத்து இருக்கிறது, ஆனால் மேலே மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தடவிப் பார்த்தால் முதல் மூன்று எழுத்து ஆர், ஈ, சி மாதிரி இருக்கிறது. ஹேண்டில் கால் சுற்றுதான் திரும்புகிறது. ஆசிட்டில் ஊறப்போடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பொன்மலை ஃபிட்டர்:
ஆசிட் வேண்டாம் தம்பி. துருவோடு நல்ல இரும்பையும் தின்னும், மரையில் தங்கினால் பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும்.

முதலில் எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் பெயிண்ட் ரிமூவர் தடவுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உப்புத்தாள் போட்டுத் தூள் பறக்க விடாதீர்கள். அடி நிறம் நீலமாக இருந்து, 'ரெக்கார்டு', 'நம்பர் 3', 'மேட் இன் இங்கிலாந்து' என்று வார்ப்பிலேயே எழுந்து நின்றால் அது ஷெஃபீல்டு ஹாம்ப்டன் கம்பெனியின் சரக்கு. அவர்கள் வரிசையில் நம்பர் 1 என்றால் 3 அங்குலம், நம்பர் 3 என்றால் 4 அங்குலம். உங்கள் அளவு பொருந்துகிறது. ஆனால் அதே வடிவத்தில் நம் ஊரிலும் நிறைய வார்த்திருக்கிறார்கள், எழுத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஹேண்டிலில் பைப் மாட்டி இழுக்கவே கூடாது. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்து, முன்னும் பின்னுமாக அசையுங்கள். மரை முழுசாகக் கழன்றதும் முன்தாடை பொத்தென்று விழும், கீழே ஒரு கட்டை கொடுங்கள்.

அப்புறம், செலவு செய்யும் முன் விரிசல் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து ஈரக்கோடு தெரியும். வைஸ் பீடு இரும்பு, அதாவது வார்ப்பிரும்பு; அதில் விரிசலைச் சாதா வெல்டிங் ராடால் பற்றவைத்தால் பக்கத்திலேயே மறுபடி விடும்.

லேத்_ராசா:
துருவுக்கு சலவை சோடாவும் பேட்டரி சார்ஜரும் போதும். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா. அந்தத் தண்ணீருக்குள் வைஸ் சார்ஜரின் நெகட்டிவில், சாதா இரும்புத் தகடு பாசிட்டிவில், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், தண்ணீரில் விஷமான குரோமியம் சேரும். ஹைட்ரஜன் வரும், அதனால் வெளியில் வையுங்கள். புதிய ஆட்டோமேட்டிக் சார்ஜர் சில, பேட்டரி இல்லாமல் கரண்டே விடாது. எடுத்ததும் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து உடனே எண்ணெய்.

சிங்காநல்லூர்வாசி:
நன்றி அண்ணா. அடியில் நீலம்தான், 'நம்பர் 3' தெளிவாகத் தெரிகிறது! சாக்பீஸ் பொடியில் கோடு எதுவும் இல்லை. தாடைத் தகட்டின் மேல் விளிம்பு மட்டும் மழுங்கியிருக்கிறது.

பொன்மலை ஃபிட்டர்:
நல்ல பொருள், விட்டுவிடாதீர்கள். தகட்டைக் கழற்றி, ஓட்டை பொருந்தினால் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், மழுங்காத விளிம்பு மேலே வரும். மரையிலும் வழுக்கும் பாகத்திலும் பெயிண்ட் படக் கூடாது, அங்கே கிரீஸ் மட்டும். மேஜையில் பொருத்தும்போது பின்தாடையின் (அசையாத தாடையின்) முகம் மேஜை விளிம்பைவிடச் சற்று வெளியே நிற்கட்டும். நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடித்தால் மேஜையில் இடிக்காது.