தூளியில் தூங்கிப் பழகிய பையன், டேகேரில் தூங்கவே மாட்டேன் என்கிறான்

துரைப்பாக்கம் அம்மா:
பையனுக்கு ஒரு வயது இரண்டு மாதம். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா திரும்பிப் போய்விட்டார், அதனால் டேகேரில் சேர்த்திருக்கிறோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். சாப்பாடு பரவாயில்லை, பருப்பு சாதம் நாலு வாய் வாங்குகிறானாம். தூக்கம்தான் சுத்தமாக இல்லை. வீட்டில் தூளியில் ஆட்டினால்தான் தூங்குவான். அங்கே வரிசையாகப் பாய் போட்டுப் படுக்க வைக்கிறார்கள். சாயங்காலம் கண் சிவந்து வருகிறான். "அவன் விளையாடும்போது சத்தமில்லாமல் நழுவிவிடு" என்கிறார் மாமியார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரெட்டைவால் அம்மா:
நழுவ மட்டும் நழுவாதீர்கள். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை என்று ஆகிவிட்டால், அப்புறம் வீட்டில் நீங்கள் பாத்ரூம் போனாலும் கதவைத் தட்டுவான். "நீ சாயங்காலம் பால் குடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று தினமும் அதே வார்த்தையைச் சொல்லி, டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புங்கள். மணி தெரியாத வயது, பால் தெரியும். பிரிவுப் பயம் எட்டு மாதவாக்கில் தொடங்கி ஒன்றரை வயதுவரை நன்றாகவே இருக்கும். முடிந்தால் அவன் அப்பா கொண்டுபோய் விடட்டும். எங்கள் வீட்டில் அப்பாவிடம் பாதி அழுகைதான்!

திருச்சி அக்கா:
நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். தூளிப் பிள்ளைகளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். பாயில் போட்டால் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டே இருக்கும். சனி ஞாயிறில் வீட்டிலும் மதியத் தூக்கத்தை மட்டும் பாயில் போட்டு, முதுகில் தட்டிக் கொடுங்கள். ராத்திரிக்குத் தூளி இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம். நீங்கள் உடுத்திய காட்டன் துணி ஒரு துண்டு, துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். இங்கே ஒரு குட்டிக்கு அம்மாவின் நைட்டித் துண்டு கன்னத்தில் பட்டால்தான் கண் சொக்கும். முக்கியமாக, மதியம் தூங்க வைப்பது யார் என்று கேளுங்கள். தினம் ஓர் ஆள் என்றால் எந்தப் பிள்ளையும் ஒட்டாது.

ஷிஃப்ட் அப்பா:
உங்கள் ஆபீசில் எத்தனை பேர்? 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிர்வாகம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம். 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத் திருத்தத்தில் வந்த விதி. எச்.ஆர். தானாக வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

துரைப்பாக்கம் அம்மா:
50-க்கு மேல் இருக்கிறோம், திங்களன்று கேட்கிறேன். திருச்சி அக்கா, அங்கே ஆள் மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.