சிங்க்கில் 'களக் களக்': வென்ட் பைப்பா, காற்று வால்வா?

செங்கோட்டையிலிருந்து:

போன ஆனிச் சாரலில் தொடங்கிய தொல்லை. மாடியில் புதிதாகப் போட்ட அடுப்பங்கரை. சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து அடைப்பானை எடுத்தால், கடைசித் தண்ணீர் இறங்கும்போது களக் களக்கென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் சாக்கடை வாடை. வீட்டில் அடைப்பு என்றார்கள். சோடா மாவும் வினிகரும் ஊற்றியதுதான் மிச்சம்.

ஒருநாள் டார்ச் பிடித்து சிங்க்குக்கு அடியில் வாடையை மறிக்கத் தண்ணீர் தேக்கி வைக்கும் பாட்டில் டிராப்பின் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் ஒரு மடக்குத் தண்ணீர், அதில் ஒரு கறிவேப்பிலை, நாலு கடுகு. உள்குழாயின் நுனி 2 அங்குலமாவது தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். அது காற்றில் நின்றது. பிறகு வாடை வராமல் என்ன செய்யும்!

புனலூரிலிருந்து வந்த பிளம்பர் பார்த்ததுமே சொன்னார்: "அடைப்பு இல்ல அண்ணாச்சி, குழாய்க்குக் காத்து கிட்டணும்." ஒன்றரை அங்குலக் குழாய், சுவருக்குள் நேராகப் பத்தடி இறக்கம். குழாயை நிறைத்துக்கொண்டு இறங்கும் தண்ணீர் பின்னால் காற்றை இழுக்கிறது. காற்று வர வழி இல்லாததால் டிராப்பில் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போகிறது.

டிராப்பை ஒட்டி ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, வெளிச்சுவர் வழியாக மொட்டைமாடிக்கு மேல் காற்றுக் குழாயை, அதாவது வென்ட் பைப்பை, ஏற்றலாம். இல்லையென்றால் சிங்க்குக்கு அடியிலேயே காற்று வால்வு. உறிஞ்சும்போது மட்டும் திறந்து, அப்புறம் தானாக மூடிக்கொள்ளும். சுவரை உடைக்க மனமில்லாததால் எனக்கு வால்வில்தான் ஆசை. ஆனால் அது காற்றை உள்ளே விடுமே தவிர வெளியே விடாது. கீழ்வீட்டுக் குழாயும் எங்கள் லைனில்தான் சேர்கிறது. அங்கே அடைத்து அழுத்தம் ஏறினால் வால்வு சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். சரி, வென்ட் பைப்பே என்று முடிவு செய்தேன்.

ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். குழாய் சிங்க்கின் விளிம்புக்கு மேல் ஏறிய பிறகே வெளியே திரும்ப வேண்டும். தாழ்வாகத் திருப்பினால் அடைப்பு வரும் நாளில் எச்சில் தண்ணீர் அதில் புகுந்து தங்கிவிடும். மேல்முனைக்கு வலைத் தொப்பி. இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும்.

களியக்காவிளையிலிருந்து:

எங்களுக்குத் தரைவீடு, வென்ட்டே இல்லை. சிங்க் குழாய் வெளியே கல்லி டிராப்பின் (தரையில் பதித்த, தண்ணீர் தேங்கி நிற்கும் தொட்டி) மேல் திறந்தபடி விழும். அந்த இடைவெளியில் காற்று போய்வரும். தவளை ஏறுகிறது என்று மாமனார் குழாயை நீட்டித் தண்ணீருக்குள் முங்க வைத்தார். அன்றே களக் களக். தண்ணீருக்கு நாலு விரல் மேலே அறுத்து வலை கட்டியதும் நின்றது.

குமுளிக்குக் கீழே கூடலூரிலிருந்து:

நான் வால்வு கட்சி. வாடகை வீடு, சுவரில் கைவைக்க ஓனர் விடமாட்டார். 2 வருஷம் ஒழுங்காக ஓடியது, அப்புறம் வாடை. கழற்றினால் ரப்பர் மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு, முழுசாக மூடவில்லை. துடைத்து மாட்டினேன். அதனால் பசை போட்டு ஒட்டாமல் மரையில் திருகுவதாக வாங்குங்கள். டிராப்பிலிருந்து போகும் குழாய்க்கு 4 அங்குலமாவது மேலே, கைக்கு எட்டும்படி இருக்கட்டும். அதன் முன்னால் எண்ணெய் டின்னை அடுக்காதே என்று எங்கள் வீட்டில் இன்னமும் சண்டை நடக்கிறது.