சைரன் அடிச்சப்ப சவ்தா ஏன் எழுந்திருக்கல?

ஹைஃபா செல்வி கேட்டது:

நான் இஸ்ரேல்ல, ஹைஃபாவுல ஒரு பாட்டிக்கு வீட்டோட இருந்து பாத்துக்கிற மெத்தப்பெலெத் வேலையில இருக்கேன். ஆறு வருஷம் ஆச்சு. பாட்டிக்கு 95 வயசு, போலந்துல லோட்ஸ் ஊர். எனக்கு அவங்க சவ்தா, அதாவது பாட்டி.

யூதப் படுகொலை நினைவு நாள்ல காலை 10 மணிக்கு நாடு முழுக்க ரெண்டு நிமிஷம் சைரன் ஒலிக்கும். ஓடுற காரை ரோட்டுலயே நிறுத்தி இறங்கி நிப்பாங்க. நானும் கரண்டியும் கையுமா நின்னேன். சவ்தா மட்டும் உருளைக்கிழங்கு சீவிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. முழங்கால் வலி போலன்னு விட்டுட்டேன். சைரன் ஓய்ஞ்சதும், "இந்த நாளோட முழுப் பேரு என்ன? பேரழிவும் வீரமும். வீரம்னா வார்சாவுல நாஜிகளை எதிர்த்துத் துப்பாக்கி தூக்குன பசங்க. நான் தோல் தின்னு பொழைச்சவ, எனக்கு இதுல என்ன வேலை?"ன்னாங்க.

லோட்ஸ் கெட்டோவுல, அதாவது நாஜிகள் யூதர்களை அடைச்சு வச்ச பகுதியில, உருளைக்கிழங்குத் தோலுக்கே டாக்டர் சீட்டு வேணுமாம். 12 வயசுல பொய்யா இருமிக் காட்டி அந்தச் சீட்டு வாங்குவாங்களாம். 1949-ல இங்க வந்தா, கூட வேலை பார்த்த பொண்ணுங்க வச்ச பட்டப்பேரு "சபோன்". சோப்புன்னு அர்த்தம், நாஜிகள் யூதர் உடம்புல சோப்பு செஞ்சாங்கங்கிற வதந்தியை வச்சு. ஏன் ஆட்டு மந்தை மாதிரி போனீங்கன்னு வேற கேப்பாங்களாம். 1961-ல நாஜி அதிகாரி ஐக்மன் மேல நடந்த விசாரணைய ரேடியோவுல கேட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கிட்டயே வாயைத் திறந்திருக்காங்க.

செத்தாதான் வீரமா? இவங்க சமயத்துல அப்படித்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பென்ஷன் வாத்தியார் பதில்:

அம்மா செல்வி, நான் 31 வருடம் வரலாறு நடத்தியவன். நீ இருக்கும் நாட்டில் இதற்கு இரண்டு பழைய கதைகள் உண்டு.

ஒன்று மசாதா. கி.பி. 73 வாக்கில், ரோமரிடம் பிடிபடக் கூடாது என்று 960 பேர் மலைக்கோட்டையில் மாண்டார்கள். பத்துப் பேரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்து, அவர்கள் மற்றவர்களைக் கொன்று, கடைசி ஆள் தன்னையே குத்திக்கொண்டானாம். எழுதியவர் அக்கால யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ். அவரே 67-இல் யோத்பாத் குகையில் இதே மாதிரி சீட்டு விளையாட்டில் கடைசி இருவரில் ஒருவராக மிஞ்சி, ரோமரிடம் சரணடைந்தவர். மசாதாவில் உயிரோடு வெளியே வந்தது இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும். நிலத்தடி நீர்க்கால்வாயில் ஒளிந்திருந்தார்கள். உள்ளே நடந்தது வெளியே தெரிந்ததே அவர்கள் வாயால்தான். இந்த மசாதாக்காரர்கள் பக்கத்து ஏன்கெதியில் புகுந்து 700-க்கு மேற்பட்ட பெண்கள், பிள்ளைகளைக் கொன்றதையும் அதே ஜொசிஃபஸ்தான் எழுதியிருக்கிறார். அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

இரண்டாவது கதை தால்முத் என்ற யூதச் சமய நூலில் இருக்கிறது. அது மசாதாவைப் பற்றி மூச்சே விடவில்லை. அது சொல்வது யோகனான் பென் சக்காய் என்ற சமய அறிஞரை. முற்றுகையில் கிடந்த எருசலேமிலிருந்து பிணம் போலச் சவப்பெட்டியில் படுத்து வெளியேறி, ரோமத் தளபதி வெஸ்பாசியனிடம் "யாவ்னே ஊரையும் அதன் அறிஞர்களையும் எனக்குத் தா" என்று கேட்டவர். கோயில் போனாலும் படிப்பு தப்பியது. மசாதாவைத் தூசு தட்டி எடுத்தது 20-ஆம் நூற்றாண்டு: 1927-இல் கவிஞர் லம்தானின் கவிதை, 1963 முதல் 65 வரை தொல்லியலாளர் யாதினின் அகழாய்வு, பிறகு 1969-இல் கிடைத்த எலும்புகளுக்கு ராணுவ மரியாதை. அந்த எலும்புகளுக்கு நடுவே, யூதருக்கு ஆகாத பன்றியின் எலும்பும் இருந்தது பின்னால் சங்கடமானது தனிக் கதை.

சமயத்தில் உயிர்த்தியாகமே இல்லை என்று நினைத்துவிடாதே. சிலை வணக்கம், கொலை, தகாத உறவு, இந்த மூன்றுக்குப் பணிவதைவிடச் சாவதே மேல் என்பது விதி. மற்றபடி கட்டளைகள் வாழ்வதற்கே.

முரளி74 பதில்:

வாத்தியார் சொன்னது சரி. ஆனா பொழைச்சதையும் இப்ப சிலையாக்கிடாதீங்க. லோட்ஸ்ல நாஜிகள் வச்ச யூத மன்றத்துக்குத் தலைவரா இருந்த ரும்கோவ்ஸ்கி, உழைச்சா உயிர் மிஞ்சும்னு நம்பின ஆளு. 1942 செப்டம்பர்ல 10 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களை ஒப்படைங்கன்னு தாய்மாருங்க முன்னால நின்னு கேட்டாரு. அதே வருஷம் ஜூலையில வார்சா மன்றத் தலைவர் செர்னியாகோவ், அப்படி ஒரு உத்தரவு வந்ததும் சயனைடு தின்னுட்டாரு. ரும்கோவ்ஸ்கி கணக்கால லோட்ஸ் கெட்டோ 1944 ஆகஸ்ட் வரைக்கும் ஓடிச்சு, கடைசியில அவரையும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ஏத்திட்டாங்க. இதுல யாரைக் கும்புடுறது, யாரைத் திட்டுறது?

செல்வி, வார்சாவுல துப்பாக்கி தூக்கி உயிர் தப்பின மாரெக் எடெல்மன்னு ஒருத்தர். அப்புறம் லோட்ஸ்லயே இதய டாக்டரா இருந்தாரு, 2009-ல இறந்தாரு. சுட்டுக்கிட்டே சாகுறது சுலபம், கொலை முகாம் ரயிலுக்கு அமைதியா நடந்து போறதுதான் கஷ்டம்ங்கிற மாதிரி பேசினவரு. உங்க சவ்தாகிட்ட இதைச் சொல்லுங்க.

ஹைஃபா செல்வி:

முரளி அண்ணே, எடெல்மன் பேரைச் சொன்னேன், தலையாட்டினாங்க. ரும்கோவ்ஸ்கி பத்தி வாயே திறக்கல நான். அவங்க தம்பிக்கு அந்த செப்டம்பர்ல ஏழு வயசு.

வாத்தியாரய்யா சொன்ன ரெண்டு பொம்பளைங்க கதையைச் சொன்னா, முன்னாடியே தெரியுமாம். மகன் டாங்கிப் படையில சேர்ந்தப்ப மசாதா மேலதான் உறுதிமொழி, ராத்திரி தீப்பந்தம் எல்லாம் ஏத்தி வச்சு. இவங்க ஒரு சிப்பாய்ப் பையனைக் கூப்பிட்டு, அந்த அஞ்சு பிள்ளைங்களும் ஒளிஞ்ச இடம் எதுப்பான்னு கேட்டிருக்காங்க. அவன் முழிச்சானாம்.

"அஞ்சு பிள்ளைங்களை அழாம வச்சிருந்திருக்காளுங்க. எப்படின்னு யாரும் கேக்கவே இல்ல பாரு"ன்னாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. பதினோரு மணி மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.