அசினு கோயிலுக்கு எதற்கு இரண்டு கூரை?

சைப்ரஸில் ட்ரோடோஸ் மலையின் வடக்குச் சரிவில், நிக்கிதாரி ஊருக்குத் தெற்கே இருக்கிறது அசினு மாதா கோயில். வெளியே நின்று பார்த்தால் ஓடு வேய்ந்த தானியக் கிடங்கு மாதிரிதான் இருக்கும். உள்ளே சுவரோவியங்கள் நிறைந்த, கல்லால் கட்டிய வளைகூரை. அதை மூடிச் செங்குத்தாகச் சரியும் மரக்கூரை.

மழையும் பனியும் விழும் மலை அது. வளைகூரை வெறுமையாக நின்றால் காரையின் விரிசல் வழியே நீர் உள்ளே இறங்கும். மரக்கூரையில் கைமரம், அதன் குறுக்கே சட்டங்கள், சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் கொக்கி வைத்த தட்டை ஓடுகள். ஒரு சட்டம் உளுத்தால் போதும், ஓடு நழுவும், கீழே ஓவியம் போகும். அதே மலையில் உள்ள காக்கோபெத்ரியா ஊர்க் கோயிலில் குவிமாடத்துக்கே இப்படி மரத்தொப்பி போட்டிருக்கிறார்கள்.

கட்டியவர் நிகிபோரோஸ் என்ற பைசாந்தியப் பேரரசின் பிரமுகர். முதல் ஓவியங்கள் 1105–06. முகமண்டபம் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒட்டவைத்தது. குவிமாடமும் வடக்கிலும் தெற்கிலும் அரைவட்ட மாடங்களும் கொண்டது. அங்கே காண்பதில் பெரும்பகுதி 1332–33இல் தீட்டியது. இதனால் கால வரிசை குழம்பும்: முகமண்டபம் வழியாக நுழைகிறவர் முதலில் பார்ப்பது பிந்தைய ஓவியங்களை. தெற்கு மாடத்தில் குதிரைமேல் இருக்கும் புனித ஜார்ஜ் ஓவியம் மட்டும் 12ஆம் நூற்றாண்டு. பழையதைப் பார்க்க நேரே உள்ளே போங்கள்: மேற்குச் சுவரில் வாசலுக்கு மேல் மாதாவின் மரணம், அருகே உறைந்த ஏரியில் நடுங்கும் செபஸ்தேயின் நாற்பது வேதசாட்சிகள். என் கணக்கில் கோயிலின் ஆகச் சிறந்த கை அதுதான். பலிபீடத்துக்குப் பின்னால் அப்போஸ்தலர் நற்கருணை வாங்குவதும் அதே காலம். மேலே உள்ள மாதா 14ஆம் நூற்றாண்டு.

சுவருக்குள் ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவரும். மேற்பரப்பில் நீர் ஆவியாக, உப்பு படிகமாகி, வண்ணப்படலத்தை உள்ளிருந்து தள்ளி உரித்துவிடும். அதனால்தான் இத்தகைய சுவரில் சிமெண்ட் பூசக்கூடாது. ஈரம் வெளியேற வழியின்றி ஓவியம் உள்ள பக்கமே திரும்பும். சுண்ணாம்புக் காரைதான் சரி. மெழுகுவர்த்திப் புகைக்கரி இன்னொரு எதிரி. 1960களில் டம்பார்டன் ஓக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் நிபுணர்கள் வந்து சுத்தம் செய்த பிறகே பழைய நிறங்கள் தெளிந்தன. யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 1985இல்.